மிச்சம் பூண்டுக் கதை

தொண்டைமானாற்றுக் கப்பல்காரர் வீடுகளில் கடிதம் வாசிப்பதற்கு ஒரு முறை இருந்தது. வந்த கடிதத்தை வீட்டுக்குப் பெரியவர் உடைப்பார். விறாந்தையில் இருந்து உரத்து வாசிப்பார். அடுப்படியில் நிற்பவர்கள் கையைத் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்து கேட்பார்கள். அது யாருக்கு எழுதியது என்று ஒருவரும் பார்ப்பதில்லை. கடலில் இருக்கிறவன் உயிரோடு இருக்கிறான் என்பது வீட்டுக்கே பொதுவான சேதி.

மீனாம்பிகைக்கு வந்த கடிதங்களையும் அவளுடைய தகப்பன் பரமலிங்கம்தான் உடைத்தார். அவர் பாய்க்கப்பல் காலத்துத் தண்டையல். ரங்கூன்வரை கப்பல் கொண்டுபோய் வந்தவர். தளத்தில் நின்று ஆட்களை ஏவிய அதே குரலில் மருமகனின் கடிதத்தையும் வாசிப்பார். மருமகன் நாகலிங்கத்துக்கு ஆங்கிலேயச் சரக்குக் கப்பல் ஒன்றில், எஞ்சின் அறையில் எண்ணெய் விடுகிற வேலை. 1959 வைகாசியில் கலியாணம் நடந்தது. ஆனி முடியுமுன் அவன் கொழும்பில் கப்பலேறிவிட்டான்.

அந்தச் சில கிழமைகளில் மீனாம்பிகை அவனோடு கதைத்தது மிகக் குறைவு. "ஓம்", "இல்லை", "சாப்பிட வாங்கோ" என்பதற்கு மேல் கூச்சம் விடவில்லை. ஒருநாள் கிணற்றடியில் அவள் தண்ணீர் அள்ளி வார்த்துக்கொண்டு நின்றபோது, "உமக்குக் கதைக்கத் தெரியும்தானே?" என்று கேட்டான். அவள் சிரித்துவிட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். அவன் போன பிறகு அந்தக் கேள்விக்கு மனசுக்குள் எத்தனையோ விதமாய் மறுமொழி சொல்லிப் பார்த்தாள்.

கடிதங்கள் வந்தன. "அன்புள்ள மாமா, மாமி, வீட்டார் அனைவருக்கும்" என்று தொடங்கும். நான் சுகம், கடல் அமைதி, அடுத்தது இன்ன துறைமுகம் என்று போகும். கடைசி வரியில், "மீனாம்பிகையையும் விசாரித்ததாகச் சொல்லவும்" என்று முடியும். அந்தக் கடைசி வரிக்காக அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். தகப்பன் அந்த வரியை மட்டும் கொஞ்சம் வேகமாக வாசித்து முடித்துவிடுவார்.

1962இல் வந்த ஒரு கடிதம் வேறு மாதிரி இருந்தது. லிவர்பூலில் இரும்பேணியில் வழுக்கி நாகலிங்கத்தின் கணுக்கால் புரண்டுவிட்டது. கப்பல் அவனை இறக்கிவிட்டுப் போய்விட்டது. தங்கியிருந்த வீட்டுக்காரி பின்வளவில் நின்ற மயிர் முளைத்த பெரிய இலையொன்றை அரைத்துக் காலில் வைத்துக் கட்டினாளாம். வீக்கம் வற்றிற்றாம். அது என்ன இலை என்று கேட்கப்போய், அந்த நாட்டுப் பழைய மருந்துப் பூண்டுகளைத் தபால் மூலம் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று இருப்பது தெரிந்து, படுத்த படுக்கையிலேயே சேர்ந்துவிட்டானாம்.

பரமலிங்கம் வாசிப்பை நிறுத்தினார். "கப்பலிலை இருந்துகொண்டு பரியாரிப் படிப்போ?"

"கால் சுகமோ எண்டு பாருங்கோ முதல்," என்றாள் தாய் இரத்தினம்மா.

கால் சுகம், திரும்பக் கப்பலும் ஏறிவிட்டானாம். ஆனால் படிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. பாடத்தில் பாதி செய்கைப் பாடம். பூண்டை விதைத்து, முளைக்கிறதிலிருந்து பூக்கிறதுவரை பார்த்து, கசக்கி மணந்து, நாக்கு நுனியில் வைத்துச் சுவைத்து, கண்டதைச் சொந்தச் சொல்லில் எழுதி அனுப்ப வேண்டும். "எனக்குக் காலுக்குக் கீழே இரும்புத் தட்டுத்தான். அங்கே மண் இருக்கிறது. மீனாம்பிகை விதைத்துப் பார்த்துத் தமிழில் எழுதினால் நான் அதை இங்கிலீசில் ஆக்கி அனுப்புவேன். விதை மரியரட்ணத்திடம் வருகிறது."

மரியரட்ணம் குருநகர் ஆள். நாகலிங்கத்தோடு ஒரே கப்பலில் வேலை செய்து லீவில் வந்தவன். பழைய பிஸ்கட் ரின் ஒன்றைக் கொண்டுவந்து தந்தான். உள்ளே கடதாசிச் சுருள்களில் விதைகள். சில மிளகளவு, சில மூச்சு விட்டால் பறக்கிற தூசியளவு. ஈரத்துணியில் சுற்றிய ஒரு கறுத்த வேர்த்துண்டும் இருந்தது. காலில் கட்டிய இலையின் வேர் அதுதான்.

முதல் வருசம் அவள் சித்திரையில் விதைத்தாள். எல்லாம் கருகிப் போயின. வேர்கூட வெயிலில் வெந்துவிட்டது. அவள் அழுத அழுகையைப் பார்த்த இரத்தினம்மா, செத்தது பயிரா பிள்ளையா என்று கேட்டாள். அடுத்த தடவை மரியரட்ணம் வந்தபோது இன்னொரு வேர் வந்தது. இந்த முறை அவள் ஆறப்போட்டு யோசித்தாள். குளிர்நாட்டுப் பூண்டுக்கு எங்கள் மார்கழிதான் கோடை. தொண்டைமானாற்று மணல் உப்பு. தகப்பனிடம் சொல்லி அச்சுவேலியிலிருந்து ஒரு வண்டில் செம்பாட்டு மண் கொண்டுவந்து பறித்தாள். கிணற்றடியில் பாத்தி கட்டி, மேலே கிடுகுப் பந்தல் போட்டு, கார்த்திகை மழை விட்ட கையோடு விதைத்தாள். தையில் பச்சை பிடித்தது.

பக்கத்து வீட்டுக் கமலாவதி வேலியால் எட்டிப் பார்த்தாள். "உதென்ன பிள்ளை, கறிக்குப் போடுறதோ?"

"இல்லையக்கா. அவரின்ரை படிப்பு."

"அவரின்ரை படிப்புக்கு நீ ஏன் தண்ணி ஊத்துறாய்?"

மீனாம்பிகை அடுத்த வாளித் தண்ணீரையும் பாத்திக்குள் ஊற்றினாள்.

இங்கிலீசுப் பெயர்கள் அவள் வாயில் வரவில்லை. ஆகவே தானே பெயர் வைத்தாள். துளசி மாதிரி இலையும் தேசிக்காயின் எலுமிச்சை வாசமும் உள்ளதற்குத் தேசித்துளசி. தடவினால் பூனை நக்கியது போல் சொரசொரக்கும் பெரிய இலைக்குப் பூனைநாக்கு. வெள்ளை இதழும் மஞ்சள் குமிழும் உள்ள சின்னப் பூவைக் கசக்கினால் விளாம்பழத்தை உடைத்தபோது வரும் முதல் வாசம்போல் இருந்தது. அதற்கு விளாவாசம். நாகலிங்கம் அதை அப்படியே இங்கிலீசில் 'வுட் அப்பிள்' வாசம் என்று எழுதிவிட்டான். விளாம்பழத்தைக் கண்ணாலும் காணாத ஆசிரியை, இங்கிலீசில் அந்தப் பெயருக்குள் இருந்த அப்பிளை மட்டும் பிடித்துக்கொண்டு, "மிகச் சரி, அப்பிள் வாசமேதான்" என்று புள்ளி போட்டிருந்தாளாம். அந்தக் கடிதத்தை வாசித்தபோது பரமலிங்கம்கூடச் சிரித்தார்.

ஆனால் அவருக்குப் பொறுமை நெடுநாள் இருக்கவில்லை. இலையின் விளிம்பு பல்லுப் பல்லாக இருக்கிறதா, தண்டு உருளையா சதுரமா, வெட்டினால் பால் வருகிறதா என்று பக்கம் பக்கமாகக் கேள்விகள் வந்தன. கப்பல் சேதி முடிந்ததும் அவர் கடிதத்தை மடித்து மகளிடம் நீட்டத் தொடங்கினார்.

"மிச்சம் பூண்டுக் கதை. நீயே வாசி, பிள்ளை."

கலியாணம் கட்டி ஐந்து வருசத்துக்குப் பிறகு, புருசன் எழுதியதை அவள் தனியே வாசித்தது அப்போதுதான்.

அதில் காதல் மொழி ஒன்றும் கிடையாது. மடித்த கடிதத்தை யாரும் எடுக்கலாம், யாரும் வாசிக்கலாம் என்று இரண்டு பேருக்கும் தெரியும். "தேசித்துளசியைக் காலையில் கசக்கினால் வருகிற வாசமும் மத்தியானம் கசக்கினால் வருகிற வாசமும் ஒன்றா?" என்று அவன் கேட்பான். அவள் காலையிலும் மத்தியானத்திலும் பாத்திக்குள் குந்தியிருந்து மணப்பாள். "காலையில் இளசு. மத்தியானம் நெடி கூட. பின்நேரம் கை கழுவின பிறகும் விரலில் நிற்கிறது," என்று எழுதுவாள். அந்த விரலைத்தான் அவன் கேட்கிறான் என்று அவளுக்குத் தோன்றும். அப்படி இல்லாமலும் இருக்கலாம்.

லீவில் அவன் வந்தான். வந்தபோதெல்லாம் ஆடியாக இருந்தது. சோழகக் காற்று மணலை வாரி இறைக்கும். பாத்திகளில் காய்ந்த தண்டுகள் மட்டும் நிற்கும். "இதிலையோ நிண்டது?" என்று கேட்பான். "ஓம், இதிலை தேசித்துளசி. அதிலை பூனைநாக்கு," என்று அவள் வெறும் மண்ணைக் காட்டுவாள். வீடு நிறையச் சனம் வந்து போகும். அவள் சமைப்பாள். கூச்சம் கலையத் தொடங்குகிற நேரத்தில் அவன் பெட்டி கட்டுவான்.

1965 மார்கழியில் வந்த பாடம் பூண்டைப் பற்றியதல்ல. "நோயைக் கேட்கமுன் ஆளைக் கேள் என்கிறார்கள். ஓர் ஆளை எடுத்து முழுதாக விசாரித்து எழுத வேண்டும். கப்பலில் இருக்கிற ஆம்பிளைகள் உண்மை சொல்ல மாட்டார்கள். ஆகவே நீர் மறுமொழி தாரும். நித்திரை எப்படி? எந்தப் பக்கம் சரிந்து படுப்பீர்? என்ன சாப்பிட மனம் வரும்? என்ன கனவு? எதைக் கேட்டால், எதைக் கண்டால் அழுகை வரும்?"

பரமலிங்கம் அதில் இரண்டு வரியை மனசுக்குள் வாசித்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "உதுவும் பூண்டுக் கதைதான்," என்று நீட்டிவிட்டு வெளியே போனார்.

அவள் பல நாள் எடுத்துக்கொண்டாள். நோயாளி என்று தன்னைக் குறிப்பிட்டே எழுதினாள். "நோயாளி நேராகப் படுப்பாள். ஒரு பக்கம் திரும்பினால் இடம் வெறுமையாக இருக்கும். ஆகவே திரும்புவதில்லை. வாடைக் காற்றில் கடல் இரைந்தால் நித்திரை முறியும். புளிப்பு விருப்பம். கனவு வந்தால் விடிய மறந்துபோகும். துக்கச் செய்தி கேட்டு அழுவதில்லை. பக்கத்து வீட்டில் மனிசன் மனிசியை ஏசுகிற சத்தமும் அவள் திருப்பி ஏசுகிற சத்தமும் கேட்டால்தான் அழுகை வரும்."

மறுமொழி மாசியில் வந்தது. தேசித்துளசி குடிக்கக் கொடுக்கலாம் என்று தான் எழுதியதை ஆசிரியை சரி என்று சொன்னதாக நாகலிங்கம் எழுதியிருந்தான். "ஆனால் கீழே ஒரு வரி எழுதியிருக்கிறா. 'மருந்து நல்லதுதான். இந்தப் பெண்ணுடைய ஆள் எப்போது வீட்டுக்கு வருகிறான்?'" அதோடு கடிதம் முடிந்திருந்தது. ஓரம்வரை நெருக்கி எழுதுகிறவன் அந்தத் தாளில் அரைவாசியை வெறுமையாக விட்டிருந்தான். மீனாம்பிகை அந்த வெறும் பாதியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு சுயஸ் கால்வாய் மூடப்பட்டது. கப்பல்கள் ஆபிரிக்காவைச் சுற்றி ஓடின. அவனுடைய கப்பல் கொழும்புப் பக்கம் வருவது நின்றது. கடிதம் பிந்தியது, லீவு அதைவிடப் பிந்தியது. அதற்கிடையில் தபாலில் படிக்கக்கூடிய பாடமெல்லாம் முடிந்துபோயிற்று. மிஞ்சியது கடைசிப் பாகம் ஒன்றுதான். அதற்கு ஒரு கோடை முழுக்க இங்கிலாந்தில் போய் நிற்க வேண்டும். வேலியோரங்களிலும் ஆற்றங்கரைகளிலும் ஆசிரியர்களோடு நடந்து, பூண்டுகளைக் கண்ணால் கண்டு பெயர் சொல்ல வேண்டும். நாகலிங்கத்துக்கு ஒரு கோடையும் கரையில் வாய்க்கவில்லை. "ஒரு கோடைக்கு இரண்டு பேரும் போவம்," என்று ஒருமுறை எழுதினான். அந்தச் சொல்லை அவள் தொட்டுத் தொட்டு வாசித்தாள். அடுத்த வருசங்களில் வெளிநாட்டுக்குக் காசு அனுப்புவதற்கும் பயணம் போவதற்கும் ஆயிரம் தடை வந்தது. பரமலிங்கம் பேப்பர் வாசித்துவிட்டு, "இனி ஒருத்தரும் அசையேலாது," என்றார்.

கேள்விகள் நின்றுபோன கடிதங்கள் பழையபடி வெறும் சுகசேதியாயின. அவள் மட்டும் ஒவ்வொரு கார்த்திகையும் விதைத்துக்கொண்டிருந்தாள். கேளாத கேள்விகளுக்கு மறுமொழியாக, இந்த வருசம் விளாவாசம் முந்திப் பூத்தது, எறும்பு கூட என்று எழுதி அனுப்பினாள்.

1974 தை மாதத்தில் ஒருநாள் முற்பகல், படலையடியில் கார் வந்து நின்றது. மரியரட்ணம் முதலில் இறங்கினான். பிறகு நாகலிங்கம். தலை நரைத்து, உடம்பு வற்றியிருந்தான்.

பரமலிங்கம் விறாந்தையில் இருந்தபடியே தண்டையல் குரலில் கூப்பிட்டார். "வாரும் தம்பி, வாரும். சொல்லாமல் கொள்ளாமல்."

நாகலிங்கம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. காருக்குள் குனிந்து பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தான். பரமலிங்கம் இன்னும் உரத்துக் கூப்பிட்டார்.

மரியரட்ணம் கிட்ட வந்து மெல்லச் சொன்னான். "ஐயா, அவருக்குக் காது கேக்காது. எஞ்சின் சத்தம் திண்டிட்டுது. ரெண்டு வருசமாக் கொஞ்சம் கொஞ்சமாப் போனது. இப்ப சுத்தமா இல்லை. கொம்பனியும் நிப்பாட்டிப் போட்டாங்கள்."

மீனாம்பிகை கதவடியில் நின்று இதைக் கேட்டாள்.

வீட்டில் எல்லோரும் அவனைப் பார்த்துக் கத்தினார்கள். அவன் சிரித்துத் தலையாட்டினான். அவள் கத்தவில்லை. இத்தனை வருசமாகச் சேர்த்து வைத்திருந்த மறுமொழிகளைக் கத்திச் சொல்ல முடியாது. மறுநாள் காலை அவன் கிணற்றடிக்கு வந்தான். பாத்திகள் பச்சையாக நின்றன. தான் படித்த பூண்டு அந்த மண்ணில் உயிரோடு நிற்பதை அவன் காண்பது அதுதான் முதல் தடவை. குந்தியிருந்து ஒவ்வொன்றாகத் தொட்டான். தேசித்துளசியில் ஓர் இலையைக் கசக்கி முகத்தில் பொத்திக்கொண்டான்.

"நீர் எழுதினது சரி," என்றான். தன் குரலின் அளவு அவனுக்குத் தெரியவில்லை. வேலிக்கு அப்பால் கமலாவதி விளக்குமாற்றை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். "மீனா, உம்மடை குரல் எனக்கு ஞாபகமில்லை. கப்பலிலை காது மங்க மங்க யோசிச்சுப் பாத்தனான். அம்மாவின்ரை குரல் வந்துது. மாமாவின்ரை வந்துது. உம்மடை வரேல்லை."

கமலாவதி தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள்.

மீனாம்பிகை உள்ளே ஓடிப்போய்க் கொப்பியும் பென்சிலும் எடுத்துவந்து எழுதினாள். அவன் வாசித்தான். மறுமொழி சொன்னான். அடுத்த நாளும் எழுதினாள். பிறகும் எழுதினாள். ஒரு நாள் அவன் கொப்பியை மெல்லத் தள்ளி வைத்தான்.

"வீட்டை வந்தும் கடிதமோ?" என்றான்.

அதற்குப் பிறகு அவன் முகத்துவாரத்தில் போய்க் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கத் தொடங்கினான். மீன் வலை இழுக்கிறவர்கள் கூப்பிட்டுப் பார்த்து விட்டுவிட்டார்கள். நித்திரை இல்லாமல் கண் சிவந்தது. பாத்தியில் விளாவாசம் பூத்து உதிர்ந்தது. அவள் பறித்துக் காயவைத்தாள். அவித்துக் கொடுத்தாள். அவன் குடித்தான். ஒன்றும் மாறவில்லை.

நோயைக் கேட்கமுன் ஆளைக் கேள் என்பது அவளுக்கு அப்போது நினைவு வந்தது. அவன் கொப்பியை வெறுத்தாலும் பரவாயில்லை என்று, பாடத்தில் இருந்த அதே கேள்விகளை எழுதி, சாப்பிட்டுக் கை கழுவி வந்தவனின் முன்னால் வைத்தாள். அவன் வாசித்துவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தான். பிறகு வீடு முழுக்கக் கேட்க மறுமொழி சொன்னான்.

"நித்திரை இல்லை. வெளியிலை ஒரு சத்தமும் இல்லை, உள்ளுக்கை எஞ்சின் நிக்குதில்லை. கனவிலும் எஞ்சின்தான். சாப்பிட ஒண்டும் மனம் வரேல்லை." கடைசிக் கேள்வியில் நின்றான். எதற்கு மனம் ஏங்குகிறது என்ற அந்தக் கேள்வி பாடத்தில் இல்லாதது, அவளே சேர்த்தது. "அந்தக் கோடை. ரெண்டு பேரும் புல்லுக்குள்ளாலை நடக்கிறது."

விறாந்தையில் பரமலிங்கம் செருமினார்.

இங்கிலாந்துக்குப் போக வழி இல்லை. ஆனால் வெள்ளைக்காரன் தன் பூண்டையும் பூவையும் கொண்டுவந்து நட்ட குளிர்மலை ஒன்று நாட்டுக்குள்ளேயே இருக்கிறது. மரியரட்ணத்தின் தங்கை பெர்னடெட் நுவரெலியாவில் நேர்ஸாக இருந்தாள். மீனாம்பிகை தகப்பனிடம் தானே போய்க் கேட்டாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் அவரிடம் தனக்கென்று கேட்டது அது ஒன்றுதான்.

"உங்கை போய் என்ன செய்யப் போறியள்?" என்றார்.

"படிப்பு முடிக்க வேணும், அப்பு."

அவர் கையில் இருந்த பேப்பரை மடித்து வைத்தார். "போட்டு வாங்கோ," என்றார். "குளிருக்கு ஏதும் கொண்டு போங்கோ."

சித்திரையில் போனார்கள். யாழ்தேவியில் ஏறி, பொல்காவலையில் மாறி, மலையேறுகிற ரயிலில் நானுஓயாவரை. அவன் யன்னலோரம் இருந்தான். தேயிலை தொடங்கியதும் குளிர் உள்ளே வந்தது. அவன் கண்ணை மூடி அந்தக் காற்றை இழுத்தான். பெர்னடெட் சின்ன வீடொன்றில் தனியே இருந்தாள். சூடான தேத்தண்ணி தந்து, ஏரிப் பக்கம் போனால் புல்வெளி இருக்கிறது என்று வழி சொன்னாள்.

மறுநாள் காலை ஏரிக்கரை வீதியில் நடந்தார்கள். அவன் முன்னே. கம்பளிச் சால்வையைப் போர்த்துக்கொண்டு அவள் பின்னே. பனி இன்னும் புல்லில் இருந்தது. வீதியோரம், மதகுக்குப் பக்கத்தில், தரையோடு தரையாய் விரிந்த இலைகளின் நடுவில் ஒரு மஞ்சள் பூ நின்றது. அவள் நின்றுவிட்டாள். அதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. யாழ்ப்பாணத்தில் அது முளைக்க மறுத்த விதை. ஆனால் பல்லுப் பல்லான இலை, உள்ளே குழலாய் இருக்கும் தண்டு, கிள்ளினால் கசியும் பால் எல்லாம் அவளுக்கு மனப்பாடம். இங்கிலீசுப் பெயரே சிங்கத்தின் பல் என்பதிலிருந்து வந்தது என்று அவன் எழுதியிருந்ததால், அதற்குச் சிங்கப்பல் என்று பெயர் வைத்திருந்தாள்.

குனிந்து தண்டைக் கிள்ளினாள். பால் வந்தது.

"இஞ்சருங்கோ," என்று கூப்பிட்டாள். அவன் போய்க்கொண்டே இருந்தான். அவள் ஓடிப்போய் அவனுடைய சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தாள். அவன் பயந்து திரும்பினான். மூச்சு வாங்க, பூவை நீட்டிக்கொண்டு, "சிங்கப்பல்," என்றாள்.

அவன் பூவைப் பார்க்கவில்லை. அவளுடைய வாயைப் பார்த்தான்.

"இன்னொருக்காச் சொல்லும்."

"சிங்கப்பல்."

"சிங்கப்பல்," என்றான் அவன். பிறகுதான் பூவைப் பார்த்தான். "நான் இதைக் காணமுன்னம் உம்மடை வாயிலை கண்டன்."

அவளுக்கு உடனே விளங்கியது. மற்றச் சொற்கள் அவனுக்குக் கடல். இந்தப் பெயர்கள் மட்டும் அவளே வைத்து, அவனே திரும்பத் திரும்ப எழுதி, இரண்டு பேருக்கும் நடுவில் தேய்ந்து பழகியவை. நாலடி தள்ளி நின்றுகொண்டு, நிறுத்தி, "பூனைநாக்கு," என்றாள்.

"பூனைநாக்கு."

"விளாவாசம்."

"விளாவாசம்."

"தேசித்துளசி," என்றபோது அவளுடைய உதடுகள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அவன் தலையை ஆட்டினான். "அது வாய்க்கு உள்ளுக்கை சொல்லுற சொல்லு. ஏலாது," என்று சிரித்தான். அவனுடைய சிரிப்பு ஏரிக்கு அந்தப் பக்கம்வரை போயிருக்கும். கொழுந்துக்கூடையோடு போன பெண்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அன்று மத்தியானம்வரை நடந்தார்கள். ஒரு பழைய பங்களாவின் வேலியில் குடைபோல் வெள்ளைப்பூ விரித்து நின்ற மரமொன்றை அவன் கண்டான். அவளுக்குக் காட்டினான். காவல்காரனிடம் சைகையால் கேட்டு ஒரு கொத்துப் பறித்தார்கள். கடைசிப் பாகத்தில் நடக்க வேண்டிய நடை இதுதான் என்று அவள் நினைத்தாள். பெயரைக் கேட்கவும் சொல்லவும் வேறு ஒருவரும் இருக்கவில்லை.

பின்நேரம் பெர்னடெட்டின் மேசையில் பூண்டுகளைப் பரப்பி வைத்திருந்தபோது அவன் கேட்டான். "மீனா, உம்மடை குரல் என்ன மாதிரி? பூண்டுக்கு எழுதுவீரே, அப்பிடி எழுதும்."

அவள் பென்சிலை எடுத்தாள். எழுத வரவில்லை. தன் குரல் எப்படி இருக்கும் என்று அவளுக்கே தெரியாது. தலையை நிமிர்த்தி, "பெர்னடெட், என்ரை குரல் எப்பிடி?" என்று கேட்டாள்.

பெர்னடெட் நோயாளியைப் பார்ப்பது போல் கொஞ்சநேரம் அவளைப் பார்த்தாள். "கொஞ்சம் தடிப்பு, அக்கா. தொடங்கேக்கை கரகரக்கும், பிறகு தெளியும். முடியேக்கை கீழை இறங்கும். கேள்வி கேட்டாலும் கேள்வி மாதிரி இருக்காது."

மீனாம்பிகை அதை அப்படியே எழுதிக் கொடுத்தாள். அவன் வாசித்தான். திரும்ப வாசித்தான். தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். அதற்குப் பிறகு அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு நித்திரை கொண்டான் என்று சொல்ல முடியாது. ஆனால் படுத்திருந்தான்.

ஊருக்குத் திரும்பிய பிறகு பூண்டுப் பெயர்களிலிருந்து தொடங்கி ஒவ்வொரு சொல்லாகப் பழகினார்கள். தண்ணீர், வெயில், வாங்கோ, போவம். மழைக்காலம் வருமுன் சின்னச் சின்ன வசனங்களை அவன் அவளுடைய வாயிலிருந்து எடுக்கத் தொடங்கினான். மற்றவர்களின் வாயிலிருந்து எடுக்க அவனால் கடைசிவரை முடியவில்லை. கமலாவதி ஏதும் கேட்டால் அவன் மீனாம்பிகையின் பக்கம் திரும்புவான். ஒரு தடவை பந்தல் கிடுகை ஏன் பிந்திக் கட்டினாய் என்று அவன் அவளை ஏசினான். அவள் திருப்பி ஏசினாள். அவன் அவளுடைய வாயை உற்றுப் பார்த்து, அந்த ஏச்சை ஒரு சொல் விடாமல் வாங்கிக்கொண்டு, அதற்கும் மறுமொழி சொன்னான். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் அடுப்படிக்குள் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

மலையில் கண்ட பூண்டுகளைப் பற்றிக் கடைசித் தாள் ஒன்று எழுதி அனுப்பினார்கள். இந்த முறை அவன் மொழிபெயர்க்க மட்டும் செய்தான். மேலே மீனாம்பிகை நாகலிங்கம் என்று அவளுடைய பெயரைப் போட்டான். இதுவரை வந்த தாள்களும் இவள் பார்த்து எழுதியவைதான் என்று கீழே ஒரு குறிப்பும் சேர்த்தான். பள்ளிக்கூடத்திலிருந்து மறுமொழி வந்தது. பழைய ஆசிரியை ஓய்வு பெற்றுவிட்டாவாம். தாள் நன்றாக இருக்கிறதாம். ஆனால் கோடையில் வந்து நின்று படிக்காதவர்களுக்குப் பத்திரம் கொடுக்கிற வழக்கம் இல்லையாம். "வரும் கோடையில் வாருங்கள். முடியாவிட்டால் அதற்கடுத்த கோடையிலும் வரலாம்," என்று முடித்திருந்தார்கள்.

பரமலிங்கம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். "அவங்கள் மரியாதையான ஆக்கள்," என்றார்.

1977க்குப் பிறகு தடைகள் தளர்ந்தன. போகலாம் என்று வந்தபோது பரமலிங்கம் பாரிசவாதத்தில் விழுந்தார். அவரைத் தூக்கிக் கிடத்தி எடுக்க ஆள் வேண்டியிருந்தது. அவர் போன பிறகு இரத்தினம்மாவுக்குக் கண் தெரியாமல் வந்தது. ஒவ்வொரு பங்குனியிலும் இந்த வருசம் இல்லை, வாற வருசம் பாப்பம் என்று தள்ளிப்போயிற்று. இங்கிலாந்துப் படங்கள் உள்ள பள்ளிக்கூடத்துச் சின்னப் புத்தகம் ஒன்று வந்திருந்தது. ஒரு வயல்வெளியும், அதைச் சுற்றிப் பூத்த வேலியும், தொப்பி போட்ட சில பேரும். மீனாம்பிகை அதை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் வேலிக்குப் பக்கத்தில் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறதா என்று பார்ப்பாள். இருந்தது.

1981 ஆனியில் ஒரு பின்நேரம் இருவரும் கிணற்றடியில் இருந்தார்கள். சோழகம் அடித்துக்கொண்டிருந்தது. பாத்திகள் காய்ந்து கிடந்தன. தூரத்தில் சன்னதிக் கோயில் பக்கம் தூசி எழும்பிற்று.

"இப்ப அங்கை வேலியெல்லாம் பூத்திருக்கும்," என்றான் நாகலிங்கம்.

அவள் அவனுடைய கையைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பினாள். "என்னைக் கூட்டிக்கொண்டு போவியளோ?"

அவன் அவளுடைய வாயைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளங்கியதா இல்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. இன்னொரு முறை சொல்லலாமா என்று நினைத்தாள். சொல்லவில்லை.

"குளிர் உமக்கு ஒத்துக்கொள்ளுமோ?" என்று கேட்டான்.

"ஒத்துக்கொள்ளும்," என்றாள்.